அனுபவம் இல்லை, கிச்சனுக்குள் எப்படி நுழைவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. வீட்டில் சமைக்கத் தெரியும், உணவகச் சமையலறையில் வேலை செய்ய ஆசை, ஆனால் படிப்பும் இல்லை, அனுபவமும் இல்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

நானும் அப்படி வந்தவள்தான். இருபத்தொன்பது வயது வரை அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். இன்று இருபத்திரண்டு பேர் வேலை செய்யும் சமையலறையில் ஆள் எடுப்பது என் பொறுப்பு. கதவுக்கு இரண்டு பக்கமும் நின்றிருப்பதால் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 31 வயது. எட்டு வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் தினமும் நான்தான் சமைக்கிறேன். விசேஷம் என்றால் அறுபது பேருக்குக்கூடத் தனியாகச் சமைத்திருக்கிறேன். பதினொரு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன், ஒருவரும் பதில் போடவில்லை. எல்லா விளம்பரத்திலும் "அனுபவம் தேவை" என்றே இருக்கிறது. வேலை கிடைத்தால்தானே அனுபவம் வரும்? எங்கே தொடங்குவது?

விண்ணப்பம் அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள் சகோதரி. நேரில் போங்கள்.

சமையலறையை நடத்துகிறவர் நாளில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே இருப்பவர். மின்னஞ்சலைத் திறப்பது ராத்திரி வேலை முடிந்த பிறகு, அதுவும் காய்கறி ஆர்டர் போடுவதற்காக. உங்கள் விண்ணப்பத்தை அவர் நிராகரிக்கவில்லை, பெரும்பாலும் பார்க்கவே இல்லை. ஆனால் வாசலில் ஒருவர் வந்து நின்றால் பார்த்தே ஆகவேண்டும்.

எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து, இரவுக்கான வேலை சூடுபிடிக்கும் முன் ஓர் இடைவெளி இருக்கும். பெரும்பாலான இடங்களில் அது மூன்று மணிக்கும் நாலரைக்கும் நடுவே. வாரத்தின் நடுநாட்கள் நல்லது, வெள்ளி சனி வேண்டாம். நான் முதல் தடவை போனது பகல் ஒரு மணிக்கு. உள்ளே ஆர்டர் சீட்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்போது போய் "செஃப்பைப் பார்க்கணும்" என்றேன். திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவையும் அதே தவறு. மூன்றாவது தடவை, அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்மணி வெளியே வந்து, "மூன்றரைக்கு வாம்மா, அப்போதுதான் அவர் தேநீர் குடிப்பார்" என்றார். மூன்றரைக்குப் போனேன். நான்கு மணிக்குக் கையில் உருளைக்கிழங்குக் கூடையைக் கொடுத்துவிட்டார்கள்.

பின்வாசல் திறந்திருக்கிறதே என்று நேராக உள்ளே போய்விடாதீர்கள். முன்பக்கம் போய், செஃப்பையோ அவருக்கு அடுத்தவரான சூ செஃப்பையோ இரண்டு நிமிடம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பார்த்ததும் சுற்றி வளைக்க வேண்டாம். "எனக்கு உணவகத்தில் வேலை செய்த அனுபவம் இல்லை. காய் நறுக்குவது, கழுவுவது, எதுவானாலும் செய்கிறேன். ஒரு நாள் வந்து வேலை செய்து காட்டலாமா?" இவ்வளவு போதும். எந்த நாட்களில், எத்தனை மணியிலிருந்து வரமுடியும் என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சனி, ஞாயிறு, விடுமுறை நாள் ராத்திரி வரமுடியும் என்றால் அதையும் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், ஆறு மாதச் சான்றிதழை விட அந்த ஒரு வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது, "அனுபவம்" என்று விளம்பரத்தில் எழுதும்போது நாங்கள் என்ன நினைக்கிறோம் என்பது. உங்கள் சமையல் ருசியாக இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் புதிதாக வருகிறவரிடம் நாங்கள் ருசியைத் தேடுவதில்லை. ருசி ஏற்கெனவே முடிவாகி, அளவோடு எழுதி, சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. நாங்கள் தேடுவது, நாற்பதாவது தட்டையும் முதல் தட்டு மாதிரியே வைக்கிற கையை. வீட்டில் நன்றாகச் சமைக்கிறவர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றுவார், அதுதான் அங்கே அழகு. இங்கே ஒருவர் தன் விருப்பப்படி உப்பைக் கூட்டினால், நேற்று வந்து சாப்பிட்டுவிட்டு இன்றும் அதையே கேட்கிறவர் ஏமாந்துபோவார். அதனால் "நான் பிரமாதமாகச் சமைப்பேன்" என்று சொல்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். "சொன்னபடி செய்வேன், தெரியாவிட்டால் கேட்பேன்" என்கிறவரை உடனே வரச் சொல்வேன்.

உங்களிடம் காட்டுவதற்கு நிறைய இருக்கிறது, நீங்கள்தான் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். கடிதத்தோடு அனுப்பிய சுயவிவரத்தைப் பார்த்தேன். "சமையலில் மிகுந்த ஆர்வம்" என்று மேலே இருக்கிறது, அறுபது பேருக்குச் சமைத்தது கடைசி வரியில். முதல் வரியை எடுத்துவிடுங்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அறுபது பேர் சமையலை விவரமாக எழுதுங்கள். எத்தனை வகை, எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்குப் பரிமாறினீர்கள், சாமான் அளவை எப்படிக் கணக்கிட்டீர்கள், எது மிஞ்சியது. நான்கு வரி. அதைப் படிக்கிற செஃப்புக்கு இவர் கடிகாரத்தைப் பார்த்துச் சமைத்திருக்கிறார் என்று புரிந்துவிடும்.

அப்புறம் கணக்கு. ஒரு சமையலறை பிழைப்பதும் மூடுவதும் அந்த எண்களில்தான். தட்டில் வைக்கும் உணவின் மூலப்பொருள் செலவு, விற்கும் விலையில் முப்பது சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும் என்று பார்ப்பது எங்கள் தொழிலில் பொதுவான வழக்கம். பத்து கிலோ வெங்காயம் வாங்கினால் தோலும் நுனியும் போக ஏறக்குறைய ஒன்பது கிலோதான் கையில் நிற்கும். அந்த ஒரு கிலோவைக் கணக்கில் சேர்க்காமல் விலை போடுகிறவர்கள் எத்தனையோ பேர். இருப்புச் சரிபார்ப்பு செய்திருக்கிறேன், விரயம் எழுதத் தெரியும் என்று சுயவிவரத்தில் ஒரு வரி போடுங்கள். முதல் மாதம் அதை யாரும் கேட்கமாட்டார்கள். ஆறாவது மாதம் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

விளம்பரங்களில் எதைப் பார்ப்பது என்றால், "சமையல்காரர்" என்று இருப்பதைக் கடந்து போங்கள். அது நாளைக்கே ஒரு அடுப்பைத் தனியாகப் பார்த்துக்கொள்ளக்கூடியவருக்கானது. கிச்சன் ஹெல்பர், கமி, பாத்திரம் கழுவுபவர், காலை முன்தயாரிப்பு ஆள் என்று இருப்பவைதான் உங்களுக்கானவை. கமி என்பது பிரெஞ்சு சமையலறை ஏணியின் கீழ்ப்படிகளில் ஒன்று. அந்த ஏணிக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் அகுஸ்த் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சு சமையல்காரர். 1846இல் பிறந்தவர், பதின்மூன்றாவது வயதில் நீஸ் நகரில் தன் சித்தப்பாவின் உணவகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். பிறகு ராணுவத்திலும் சமைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு இடம், ஒரு பொறுப்பு, மேலே ஒருவர் என்ற ராணுவ ஒழுங்கை அடுப்படிக்குள் கொண்டுவந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒன்றும் தெரியாதவர் வந்து நிற்பதற்கென்றே அந்த ஏணியில் ஒரு படி வைத்திருக்கிறார்கள். அங்கே நிற்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

பெரிய உணவகங்களின் பெயரில் மயங்கவேண்டாம். மருத்துவமனை, பள்ளி, தொழிற்சாலை உணவுக்கூடங்கள், விருந்து சமைத்துத் தரும் நிறுவனங்கள் ஆகியவற்றில் புதியவரை எடுப்பது சுலபம். நேரமும் ஓரளவு ஒழுங்காக இருக்கும். ஒரே நாளில் முப்பது கிலோ காய் நறுக்குவீர்கள், கை அங்கேதான் பழகும். இல்லையென்றால் மூன்று நான்கு பேர் மட்டும் வேலை செய்யும் சின்னச் சமையலறை. ஆள் குறைவு என்பதால் எல்லாவற்றையும் தொடவிடுவார்கள்.

போவதற்கு முன் ஒன்றே ஒன்று படித்துவிடுங்கள், உணவுப் பாதுகாப்பு. அடிப்படைச் சான்றிதழ் வகுப்பு பல இடங்களில் ஒரே நாளில் முடிந்துவிடும். பதினொரு விண்ணப்பத்துக்குச் செலவிட்ட நேரத்தை விடக் குறைவு.

கேள்வி: வரும் வியாழன் நான்கு மணி நேரம் "ட்ரயல்" வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன சோதிப்பார்கள்? நான் மெதுவாகத்தான் நறுக்குவேன். பயமாக இருக்கிறது.

மெதுவாக நறுக்குங்கள். உண்மையாகவே சொல்கிறேன். ட்ரயலில் வேகம் காட்டப்போய் விரலை வெட்டிக்கொண்டவர்களை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஒரே அளவாக இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். அளவு வேறுபட்டால் பாதி வெந்திருக்கும், பாதி வேகாமல் நிற்கும். வேகம் மூன்று மாதத்தில் தானாக வரும். கோணல் பழகிவிட்டால் மூன்று வருடமானாலும் போகாது.

இன்றைக்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு கிலோ கேரட் வாங்கி மூன்று வெட்டுகளை மட்டும் பழகுங்கள். ஜூலியன் என்பது தீக்குச்சி மாதிரி, மூன்று மில்லிமீட்டர் கனம், ஐந்து சென்டிமீட்டர் நீளம். அதையே குறுக்கே நறுக்கினால் மூன்று மில்லிமீட்டர் கனசதுரம் வரும், அது ப்ரூன்வாஸ். அப்புறம் அதைவிடப் பெரிய, ஒரு சென்டிமீட்டர் கனசதுரம். ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கத்தியைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடிப்பகுதியைக் கிள்ளியபடி இருக்கட்டும், மற்ற மூன்று விரல் பிடியில். காயைப் பிடிக்கும் கையின் விரல்நுனிகள் உள்பக்கம் மடங்கி, கணுக்கள் கத்திக்கு வழிகாட்ட வேண்டும். பலகைக்கு அடியில் ஈரத்துணியை மடித்து வைத்தால் நகராது. யாரும் சொல்லாமலே நீங்கள் அந்த ஈரத்துணியை வைப்பதைப் பார்த்தால், அங்கே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் பார்த்துக்கொள்வேன்.

சில இடங்களில் ஒரு ஆம்லெட் போடச் சொல்வார்கள். எளிய விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அடுப்பின் சூட்டைக் கவனிக்கிறாரா, வாணலியை விட்டு எங்காவது போகிறாரா, உப்பு ருசி பார்க்கிறாரா என்று மூன்றும் தெரிந்துவிடும். ருசி பார்க்கத் தனிக் கரண்டி எடுங்கள். பார்த்த கரண்டியைத் திரும்பப் பாத்திரத்துக்குள் விடவே கூடாது.

மற்றபடி நான் பார்ப்பவை இவை. பத்து நிமிடம் முன்னால் வந்தாரா. நகம் வெட்டியிருக்கிறாரா. மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தாரா, முடியைக் கட்டினாரா. பாதத்தை முழுவதும் மூடிய, வழுக்காத காலணி போட்டிருக்கிறாரா. உள்ளே வந்ததும் கை கழுவினாரா, சோப்பு போட்டு இருபது விநாடி தேய்த்தாரா. பச்சை இறைச்சியைத் தொட்ட பிறகு மறுபடி கழுவினாரா. ஒரு வேலை முடிந்ததும் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்டாரா, இல்லை கையைக் கட்டிக்கொண்டு நின்றாரா. நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னாரா.

அந்தக் கடைசி விஷயம் புதியவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும். "இரண்டு கிலோ வெங்காயம், நீளவாக்கில், மெல்லிசா" என்றால் "சரி செஃப், இரண்டு கிலோ, நீளவாக்கில், மெல்லிசா" என்று சொல்ல வேண்டும். புகைபோக்கி இரைச்சலில் பாதி வார்த்தை காதில் விழாது. திருப்பிச் சொன்னால்தான் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று தெரியும். அதேபோல, ஒருவர் முதுகுக்குப் பின்னால் போகும்போது "பின்னாடி!" என்று குரல் கொடுங்கள். சூடான பாத்திரம் என்றால் "சூடு!", கையில் கத்தி இருந்தால் "கத்தி!". முதல் நாள் கூச்சமாக இருக்கும். கூச்சத்தில் சும்மா போய், திரும்பியவர் மேல் கொதிக்கும் சாறு கொட்டியதை நேரில் பார்த்தவள் நான், அதனால் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்களைக் காப்பாற்றும் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சூடான பாத்திரத்தை ஈரத்துணியால் தொடாதீர்கள். துணியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் கையைச் சுட்டுவிடும், காய்ந்த துணிதான் வேண்டும். கத்தி கீழே விழுந்தால் பிடிக்கப் போகாமல் காலைப் பின்னால் எடுங்கள். கத்தியைக் கழுவும் தொட்டிக்குள் போட்டுவிட்டு வராதீர்கள், நுரைக்குள் கைவிடுகிறவருக்குத் தெரியாது. சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், வேறு எதையும் பூசாதீர்கள். சின்ன வெட்டு என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள். நீல நிறத்தில் ஒட்டுப்பட்டை தருவார்கள். நீல நிறத்தில் உணவு அநேகமாக இல்லை என்பதால், கழன்று விழுந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

பலகைகளும் நிறம் நிறமாக இருக்கலாம். பச்சை இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், கீரை பழத்துக்குப் பச்சை என்பது பல இடங்களில் இருக்கும் வழக்கம். ஆனால் ஒவ்வொரு சமையலறையும் தன் முறையைச் சுவரில் ஒட்டியிருக்கும். தெரிந்தமாதிரி எடுக்காமல் அதைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

முடிந்ததும் உங்கள் இடத்தை நீங்களே சுத்தம் செய்துவிட்டு, கூட வேலை செய்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். "எப்படி இருந்தது, எதைச் சரிசெய்ய வேண்டும்?" என்று செஃப்பிடம் ஒரு கேள்வி கேளுங்கள். வேலை தராவிட்டாலும் பதில் தருவார்.

கேள்வி: கடன் வாங்கிச் சமையல் கல்லூரியில் சேரலாமா?

முதலில் ஆறு மாதம் ஏதாவது ஒரு சமையலறையில் வேலை செய்யுங்கள். அதற்குப் பிறகும் படிக்கத் தோன்றினால் படியுங்கள். அப்போது வகுப்பில் கேட்பது எல்லாம் உங்களுக்குப் பாதி தெரிந்ததாக இருக்கும், இருமடங்கு கற்றுக்கொள்வீர்கள். ஆறு மாதத்தில் இந்த வாழ்க்கை ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், கடன் இல்லாமல் வெளியே வரலாம். கல்லூரியைக் குறை சொல்லவில்லை. ஏன் வேகிறது, ஏன் திரிகிறது என்பதை ஒழுங்காகச் சொல்லித்தர அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அது மட்டுமே வழி என்றும் இல்லை. அமெரிக்காவின் தாமஸ் கெல்லர் சமையல் கல்லூரிக்குப் போகாதவர். தன் அம்மா நடத்திவந்த உணவகத்தில் பாத்திரம் கழுவித் தொடங்கியவர். பின்னாளில் அவருடைய இரண்டு உணவகங்கள் தலா மூன்று மிஷலின் நட்சத்திரம் பெற்றன, உணவகங்களைத் தரம் பார்க்கும் மிஷலின் கையேடு தரும் உச்ச மதிப்பு அது.

கேள்வி: எனக்கு 22 வயது. ஏழு மாதமாகப் பாத்திரம் கழுவுகிறேன். சமைக்க விடுவோம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். இதுவரை கத்தியைத் தொடவே விடவில்லை. விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கட்டுமா?

தம்பி, இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதினான்கு மாதம் அதே தொட்டிக்கு முன்னால் நின்றவள் நான்.

முதலில் ஒன்று கேட்கிறேன், நீங்கள் வாய்விட்டுக் கேட்டீர்களா? சேரும்போது சொன்னதை அவர்கள் மறந்திருப்பார்கள். நன்றாகக் கழுவுகிறவரை அங்கிருந்து நகர்த்த யாருக்கும் மனசு வராது. தொட்டி நின்றால் மொத்த சமையலறையும் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் நீங்கள்தான் நாள் குறித்துக் கேட்க வேண்டும். "எப்போ சமைக்க விடுவீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். "செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் முன்னால் வருகிறேன், காலை முன்தயாரிப்பில் வெங்காயம் உரிக்கும் வேலையை எனக்குக் கொடுங்கள், கழுவும் வேலைக்கு அது இடைஞ்சலாக இருக்காது" என்று கேட்டுப் பாருங்கள். மறுப்பது கஷ்டம். அந்த ஒரு மணி நேரத்துக்கும் சம்பளக் கணக்கு எழுதச் சொல்லுங்கள், சும்மா செய்துகொடுக்காதீர்கள்.

கூட வேலை செய்கிறவர்களுக்கு உங்களால் ஆகக்கூடிய உதவி நிறைய இருக்கிறது. எந்த அடுப்புக்கு எந்த வாணலி எத்தனை மணிக்கு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கேட்பதற்கு முன்னால் கொண்டுபோய் வையுங்கள். எல்லாம் அதனதன் இடத்தில் தயாராக இருப்பதை எங்கள் தொழிலில் மீஸான் ப்ளாஸ் என்பார்கள். பிரெஞ்சு சொல், ஆனால் எந்த மொழி பேசும் சமையலறையிலும் காதில் விழும். அடுப்பில் நிற்பவர் தன் மீஸை எப்படி அடுக்குகிறார், எந்தக் கை எட்டும் தூரத்தில் உப்பு, எங்கே துணி, எங்கே கரண்டி என்று பார்த்து மனசில் படம் போட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு என்றாவது உடம்பு சரியில்லாமல் போனால், அடுத்து யார் என்று தேடும்போது அந்தப் படம் உதவும்.

இன்னொரு விஷயம், பாத்திரம் கழுவுகிறவருக்கு மட்டுமே கிடைப்பது. திரும்பி வரும் தட்டு. செஃப் வெளியே போகிற தட்டைப் பார்க்கிறார், நீங்கள் உள்ளே வருவதைப் பார்க்கிறீர்கள். நான் கழுவிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மீன் தட்டு வரும். ஓரத்தில் வைக்கும் கிழங்கு மசியல் மட்டும் தினமும் அப்படியே திரும்பும். ஒரு வாரம் எண்ணி வைத்தேன். அறுபத்து மூன்று தட்டில் நாற்பத்தொன்று. வேலை முடிந்ததும் அந்தக் காகிதத்தை சூ செஃப்பிடம் கொடுத்தேன். அவர் பேசாமல் வாங்கிக்கொண்டு, மறுநாள் ஒரு கரண்டி எடுத்து அந்த மசியலைத் தின்று பார்த்தார். ஆறிப்போய்ப் பசை மாதிரி இருந்திருக்கிறது. சமைத்ததிலிருந்து தட்டுக்குப் போகும் வரை ரொம்ப நேரம் நின்றுவிட்டிருக்கிறது. அன்றிலிருந்து சின்னச் சின்ன அளவாகச் செய்தார்கள். அதற்கு அடுத்த வாரம் என்னைக் குளிர் பகுதிக்கு, அதாவது சாலட் போடும் இடத்துக்கு, இரண்டு நாள் அனுப்பினார்கள். அங்கேதான் தொடங்கியது.

இவ்வளவும் செய்து, நாள் குறித்துக் கேட்டு, இன்னும் இரண்டு மாதத்தில் ஒன்றும் நகரவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். மனசு குறுகாதீர்கள். அப்போது உங்களிடம் ஒன்பது மாத சமையலறை வாழ்க்கை இருக்கும். அடுத்த இடத்தில் "ஒன்பது மாதத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை" என்று சொல்ல முடிந்தால், அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டு, அடுத்த இடத்தில் உங்களைப் பற்றிக் கேட்டுப் பார்க்க ஒருவர் பெயரை வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு ராத்திரி சர்வீஸ் நடுவே ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: 46 வயதில் இது சாத்தியமா?

சாத்தியம். என்னிடம் ஐம்பது வயதில் வந்து சேர்ந்தவர் இருக்கிறார், காலை ஐந்து மணி ஷிப்ட் முழுவதும் அவர் பொறுப்பில்தான் ஓடுகிறது. ஆனால் உடம்பை நேர்மையாக எடைபோட்டுக்கொள்ளுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரம் நிற்க வேண்டும், இருபது கிலோ மூட்டையைத் தூக்க வேண்டும், அடுப்புக்கு முன்னால் வேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முழங்காலோ முதுகோ ஏற்கெனவே தொந்தரவு தந்தால் இரவுச் சமையலை விட காலை முன்தயாரிப்பு, பேக்கரி, உணவுக்கூடம் ஆகியவற்றைத் தேடுங்கள். உங்களை விட இருபது வயது சின்னவர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டிவரும். அது ஒத்துக்கொள்ளும் என்றால் வயது தடையில்லை.

கேள்வி: ட்ரயல் என்று சொல்லி இரண்டு வாரமாகச் சம்பளம் இல்லாமல் வேலை வாங்குகிறார்கள். செஃப் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்துகிறார். இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. நாளைக்குப் போகாதீர்கள்.

ட்ரயல் என்பது ஒரு வேளை, மிஞ்சினால் ஒரு நாள். ஆள் எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மணி நேரம் போதும். இரண்டு வாரம் தேவைப்படுகிறவர் ஆளைப் பார்க்கவில்லை, இலவச வேலையைப் பார்க்கிறார். செய்த நாட்களைத் தேதி, மணி நேரத்தோடு எழுதிவைத்துச் சம்பளத்தைக் கேளுங்கள். தரமறுத்தால் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்க அந்தக் குறிப்பு உதவும்.

கத்துவதைப் பற்றி. அவசரத்தில் குரல் உயரும், "சீக்கிரம்!" என்று அதட்டல் வரும், அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகவேண்டும். ஆனால் ஒருவரை அவமானப்படுத்துவது வேறு. நான் இரண்டாவதாக வேலை செய்த இடத்தில் தலைமைச் சமையல்காரர் ஒரு பையன் மேல் சூடான வாணலியை எறிந்தார். அவன் முழங்கையில் பட்டது. நாங்கள் ஆறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் கெடுகிறது. பயத்தில் வேலை செய்கிறவர் தவறை மறைப்பார். கெட்டுப்போன சாறை வெளியே சொல்லாமல் அனுப்பிவிடுவார். அதைச் சாப்பிடுகிறவருக்குத்தான் ஆபத்து. சமைத்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிடந்தால் கிருமி பெருகும். 60 டிகிரியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 21க்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5க்கும் ஆற்றிவிட வேண்டும். "ஆற்ற மறந்துவிட்டேன் செஃப்" என்று ஒருவர் பயமில்லாமல் சொல்லக்கூடிய சமையலறைதான் பாதுகாப்பான சமையலறை. அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. ட்ரயலுக்குப் போகும்போது அவர்கள் உங்களைப் பார்க்கிற மாதிரி நீங்களும் பாருங்கள். பிரிட்ஜில் ஒவ்வொரு டப்பாவிலும் பெயரும் தேதியும் எழுதியிருக்கிறதா, பச்சைக் கோழி கீழ்த்தட்டில் இருக்கிறதா, வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா. இந்த மூன்றையும் பார்த்தாலே போதும்.

கேள்வி: அடுத்த வாரம் வேலையில் சேர்கிறேன். பன்னிரண்டு கத்தி உள்ள செட் வாங்கலாமா?

வேண்டாம். இருபது சென்டிமீட்டர் செஃப் கத்தி ஒன்று, உரிக்கவும் நுணுக்க வேலைக்கும் ஒரு சின்னக் கத்தி, தீட்ட ஒரு கல். பிடியில் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு நூலோ நாடாவோ சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் முதல் வாரமே யாருடையதோடு மாறிவிடும். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா, அழியாத மையில் எழுதும் மார்க்கர் ஒன்று, டப்பாவில் தேதி எழுத. மீதிப் பணத்தில் நல்ல காலணி வாங்குங்கள், வழுக்காத அடி உள்ளதாக, காலுக்கு அரை அளவு தாராளமாக. சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள், நாள் முழுக்க நின்ற கால் அப்போதுதான் வீங்கியிருக்கும்.